மண் மூடாத விதை

வீட்டுக்குப் பின்னால், மர நிழல் கவிந்த ஈரப் பாத்தியில் சுகந்தி பிரிம்ரோஸ் பூ விதைகளைத் தூவினாள். கேரட் விதைத்துப் பழகிய அவள் கணவன் வேலாயுதம், மூடுவதற்காக ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினான்.

“போடாதீங்க. இந்த விதைக்கு வெளிச்சம் படணும். மண்ணு மூடுனா முளைக்காது.”

அவன் கை அந்தரத்தில் நின்றது. போன மாதம் குழந்தையைப் புதைக்கக் கொண்டுபோனபோது, பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாதென்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.

“பாப்பா மொகத்துல நேரா மண்ணு போட்டீங்களா?” என்றாள், பாத்தியைப் பார்த்தபடியே.

“இல்ல. என் துண்டப் போத்துனேன். குளிருமேன்னு ரெண்டா மடிச்சு.”

அவள் தலையாட்டிவிட்டு, விதைகள் நகராமல் தண்ணீர் தெளித்தாள். கையிலிருந்த மண்ணை எங்கே போடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.