நானூறு கிராம்

“நாலு எடைப் பிரிவுல மாநிலத் தங்கம். இதுக்கு மேல என்னா சார் வேணும்?” என்றார் சுரேஷ்பாபு.

திருப்பதியில் புதிதாகக் கட்டிய குத்துச்சண்டைக் கூடத்துக்கு பழைய வீரர் ஜாபேஸின் பெயரை வைக்கலாமா என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுரேஷ்பாபு வைக்கலாம் என்றார், இன்னொருவர் வேண்டாம் என்றார். மிச்சமிருந்தவர் தேவேந்திரன்.

“ஐம்பத்துநாலு, அறுபது, அறுபத்து மூணரை, அறுபத்தேழு. நடுவுல ஐம்பத்தேழு எங்க போச்சு? அதுல நான் இருந்தேன். என்னைப் பார்த்துப் பயந்து ஓடினவன் அவன்.”

முப்பத்தாறு வருஷமாக அவர் சொல்லி வரும் கதைதான்.

சித்தூரில் இறுதிப் போட்டி. அன்று காலை எடை பார்த்தபோது ஜாபேஸ் நானூறு கிராம் கூடுதல். ஒரு குத்து விடாமலே தங்கம் தேவேந்திரனுக்கு வந்தது. வயது வரம்பு முடிய ஒரு மாதம் இருக்க, அந்தத் தங்கத்தைக் காட்டித்தான் ரயில்வேயில் சேர்ந்தார்.

முந்தின நாள் வரை சரியாக இருந்த எடை எப்படி ஏறும்? பயத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான் என்று பேரப்பிள்ளைகள் வரை சொல்லிவிட்டார்.

ஜாபேஸ் ஒரு தடவையும் மறுத்ததில்லை. அதற்கப்புறம் தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோதி, தலையில் வாங்கிய குத்துக்கு அளவில்லை. இப்போது கை நடுங்குகிறது. நினைவும் போய்விட்டது.

பெயர் வேண்டாம் என்று முடிவானது. சங்கச் செயலாளர் அதற்கான காரணத்தைத் தட்டச்சு செய்யப் போனார். தேவேந்திரன் காற்று வாங்க வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சில் ஜாபேஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி தபிதா. பெற்ற மகளையே அடையாளம் தெரியாத மனிதர், தேவேந்திரனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“தேவா, ரயில்வே வேலை கெடச்சிடுச்சா? உங்கம்மா எங்க வூட்டாண்ட வந்து அழுதுக்கினு இருந்தாங்களே. நான் குடிச்ச தண்ணி போதுமா, இன்னும் குடிக்கணுமா?”

“என்னமோ ஒளறிக்கினு இருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா” என்றாள் தபிதா.

தேவேந்திரனிடம் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி கேட்கவும் வழியில்லை, அவள் போய்ப் பத்து வருஷமாகிறது.

உள்ளே காகிதம் தயாராக இருந்தது.

“ஐம்பத்தேழு கிலோவுல பயந்து விலகினாருன்னு போட்டிருக்கேன். சரிதானே சார்?”

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்தத் தங்கம், அந்த வேலை, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மெடல், பேரப்பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்தன. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது ஜாபேஸ் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

“தேவா, வேலை கெடச்சிடுச்சா?”

“கெடச்சிடுச்சுடா” என்றார் தேவேந்திரன்.