ஜன்னலோர மேசைகள்

"கருகின பக்கம் மேல விழுந்தா உள்ளூர் யுனிவர்சிட்டி. வெந்த பக்கம் மேல விழுந்தா வெளியூர். போடட்டுமா?"

ஆர்லோ கையில் பான்கேக் திருப்பியோடு நின்றார். அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் சமையல்.

"போடுங்க," என்றாள் கெண்ட்ரா.

பான்கேக் பறந்தது. புரண்டு விழுந்தது. இரண்டு பக்கமும் கருகல்.

"பார்த்தியா, ஆண்டவரே உள்ளூர்ங்கறார்!"

"ஆண்டவர் இல்ல, உன் அடுப்பு," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். வெர்னா. கடையிலேயே மூத்த பரிமாறுகிறவள். வாய் மட்டும் முதலாளிக்கு மேலே.

கெண்ட்ராவுக்கு இருபத்தெட்டு வயது. பகலில் இங்கே தட்டு தூக்கி, சாயங்காலம் ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷப் படிப்பை முடித்துவிட்டாள். கெமிஸ்ட்ரி டீச்சராக ஆசை. மீதிப் படிப்புக்கு இரண்டு யுனிவர்சிட்டியிலும் இடம் கிடைத்திருந்தது. அங்கேதான் வந்தது வினை.

உள்ளூரில், அவள் படித்த பாடங்களில் பாதி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். திரும்பப் படிக்க வேண்டும். வெளியூரில் எல்லாம் செல்லும். ஆனால் காரில் ஆறு மணி நேரத் தூரம், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

"இங்கயே இருந்துடு தங்கம்," என்று அவள் கன்னத்தைத் தடவினாள் லோரீன். இன்னொரு பரிமாறுகிறவள், தேன் ஒழுகப் பேசுவாள். "நாங்கல்லாம் உன் குடும்பம் இல்லையா? அந்த ஊர்ல உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு சூப் வெச்சுக் குடுப்பா?"

"நீங்க எப்ப எனக்கு சூப் வெச்சுக் குடுத்தீங்க?"

"முதல்ல உனக்குக் காய்ச்சல் வரட்டும்!"

ஆர்லோவும் சேர்ந்துகொண்டார். "அந்த வெளியூர்ப் பசங்க நம்ம ஃபுட்பால் டீமை மூணு வருஷமா துவைச்சுக் காயப்போடறவனுங்க. அவனுங்க நீலச் சட்டையோட நீ இந்தக் கடைக்குள்ள வந்தா காபி கிடையாது. தண்ணிகூட யோசிச்சுத்தான்."

கெண்ட்ரா மேல் எல்லோருக்கும் பாசம்தான். இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வருகிற கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள் அவள்தான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் நுழைந்து, நாற்பது விதமாக முட்டை கேட்பார்கள். போகும்போது டிப்ஸுக்குப் பதில், இருபது டாலர் நோட்டு மாதிரியே அச்சடித்த வேத வசனத்தை மடித்து வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை வெர்னா அதை நிஜ நோட்டென்று நம்பி, அந்தக் குடும்பத்தையே கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டாள். அன்றோடு சரி. "இனிமே ஞாயித்துக்கிழமை என் பொணம்தான் இங்க வரும்" என்று சத்தியம் செய்தவள், பதினைந்து வருஷமாக வந்ததில்லை.

கெண்ட்ரா போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"வெர்னா, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

ஆகாதவளிடம் போய்க் கேட்டாள் பாருங்கள்! நல்ல டிப்ஸ் விழுகிற ஜன்னலோர மேசை நாலும் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் மூன்று வருஷச் சண்டை.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? இங்கயே இருந்தா படிச்சதையே திரும்பப் படிக்கலாம். அதே லேப், அதே கண்ணாடிக் குழாய், அதே நாத்தம். முப்பது தாண்டியும் தட்டு தூக்கலாம். இவங்களும் தங்கம், செல்லம்னு கொஞ்சிக்கிட்டே வேலை வாங்குவாங்க."

"உங்களுக்கு என் மேல என்ன திடீர் அக்கறை?"

"அக்கறையா? எனக்கு ஜன்னல் மேசை வேணும். நாலும் வேணும். அதனால..." வெர்னா காபியை ஒரு மடக்கு குடித்தாள். "நீ போ."

லோரீன் சிரப் பாட்டிலை அப்படியே கையில் பிடித்தபடி நின்றாள். ஆர்லோ அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"வெர்னா! யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சுத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு. எல்லார் காதுலயும் விழட்டும்."

"செவிடா உனக்கு? போன்னேன். போய்த் தொலைன்னேன்."

கெண்ட்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மூணு வருஷம் ஒண்ணா வேலை பார்த்தோம். ஒரு நல்ல வார்த்தை உங்க வாயில வராதில்ல?" போனில் 'சம்மதம்' பட்டனை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். "முடிஞ்சுது! வெளியூர்தான். ஆகஸ்ட்ல கிளம்பறேன். அந்த மேசையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போனாள். வாசல் மணி அடித்து ஓய்ந்தது.

"நாலு மேசைக்காக ஒரு பொண்ணை இப்படியா விரட்டறது? கல் நெஞ்சுக்காரி," என்றார் காபி குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்.

வெர்னா அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

லோரீன் "அப்பாடா!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கெண்ட்ராவின் ஏப்ரனைத் தரையிலிருந்து எடுத்துத் தட்டி, வெர்னாவின் தோளில் போட்டார் ஆர்லோ. "நாம மூணு பேரும் கையடிச்சுப் பேசினதுதானே? அவகிட்ட 'போ'ன்னு யார் வாயிலேர்ந்து முதல்ல வருதோ, அவ போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை அவங்க தலையிலன்னு. மறந்துட்டியா?"

"மறப்பேனா?" என்றாள் வெர்னா. "சர்ச் எத்தனை மணிக்கு விடுது?"