கிணற்றில் கிடப்பது

பன்னிரண்டு நாளாகியும் அவர் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

அவள் திரையில் அவருடைய ஆட்டத்தின் பதிவைப் பார்த்தாள். தினமும் மாலை ஆறரைக்கு வருகிறார். நாற்பது நிமிடம் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறார். போய்விடுகிறார்.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொத்தான் அவள் செய்தது.

கோயம்புத்தூரில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனி. அவர்கள் உருவாக்கிய வீடியோ கேமில் அவளுக்கு ஒரே வேலை, மாட்டிக்கொள்வது. ஆடுகிறவர்கள் எங்கெல்லாம் விழுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்பார்களோ, அங்கெல்லாம் முதலில் அவள் போய் விழ வேண்டும். விழுந்தாள். சுவருக்கும் பாறைக்கும் நடுவில் செருகிக்கொண்டு நின்றாள். சாவியை ஆற்றில் எறிந்துவிட்டுப் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வருடம் இதே பிழைப்பு.

எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பொத்தானை வைத்தாள்.

மீட்பு. அழுத்தினால் போதும். எந்தக் குழியில் கிடந்தாலும் ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மலைக்கிணற்றை மட்டும் அவள் கோட்டை விட்டிருந்தாள். இறங்கும்போது ஏணி உடையும். அந்த நொடியே ஆட்டம் தன்னைச் சேமித்துக்கொள்ளும். அதன்பிறகு எத்தனை முறை திறந்தாலும் கிணற்றின் அடியில்தான் திறக்கும்.

ஆயிரம் பேருக்கு மேல் அதில் விழுந்தார்கள். பொத்தானை அழுத்தி வெளியே வந்தார்கள். கம்பெனியைத் திட்டி நாலு வரி எழுதிவிட்டு மேற்கொண்டு ஆடப் போனார்கள்.

ஒருவர் மட்டும் வரவில்லை. பெயர் ஞானதிரவியம். தன்னைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், நாங்குநேரி, பெட்ரோல் பங்க் என்று மட்டும் போட்டிருந்தார்.

அவளே அவருக்கு எழுதினாள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று படம் வேறு போட்டு அனுப்பினாள்.

“பொத்தான் இருக்கது தெரியும் மேடம். அது என்னைய மட்டும்லா தூக்கும். செவலை?”

செவலை அவரோடு கிணற்றில் விழுந்த நாய். ஆடுகிற எல்லாருக்கும் கூடவே வரும் நாய்தான். நிறம் வெள்ளை. அவர் வைத்த பெயர் செவலை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் யோசிக்காமலா இருப்பாள்? நாய் தொலைந்தால் கதை நகராது. அதனால் ஆள் ஊருக்குத் திரும்பியதும் எல்லையில் நாயும் நிற்கும். அதே பெயர், அதே கிழிந்த காது. உட்கார் என்றால் உட்காரும். இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கவலைப்படாமல் அழுத்துங்கள், செவலை ஊரில் காத்திருக்கும் என்று எழுதினாள்.

“அப்பம் கெணத்துல கெடக்கது?”



பழைய நாயை ஆட்டம் அழித்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். நினைத்தாளே தவிர, பார்த்ததில்லை.

மறுநாள் ஆறு முப்பத்திரண்டுக்கு அவர் பொத்தானை அழுத்தினார்.

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பதிவோடு கூடவே போனாள். ஊர் எல்லை. நாய் ஓடி வந்து வாலாட்டியது. அவர் அதைத் தடவிக்கொடுத்தார். உட்கார் என்றார். உட்கார்ந்தது.

கடைக்குப் போனார். பை கொள்ளுமட்டும் ரொட்டி வாங்கினார்.

பிறகு மலையைப் பார்த்து நடந்தார். இருபது நிமிட நடை.

கிணற்று விளிம்பில் நின்றார்.

அவள் அவருடைய ஆட்டக் கோப்பைத் திறந்து அதில் இருந்த நாய்களைத் தேடினாள். இரண்டு இருந்தன. ஒன்று ஊர் எல்லையில், உட்காரச் சொன்ன இடத்தில். இன்னொன்று கிணற்றின் அடியில், தலையை மேலே தூக்கியபடி.

ஆயிரத்துச் சொச்சம் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாய்.

அவர் குதித்தார். பாதி உயிர் போயிற்று. நாய் எழுந்து வந்தது.

அவர் ஆட்டத்தைச் சேமித்தார்.

பக்கத்து மேசையிலிருந்து கார்வேந்தன் எட்டிப் பார்த்தார். கம்பெனியின் மூத்தவர். மாட்டிக்கொண்டவர்களின் பட்டியலை இன்றே முடித்துவிட வேண்டும் அவருக்கு.

“அந்த நாங்குநேரிக்காரர் இன்னும் மாட்டீட்டுத்தான் இருக்காரா?”

அவள் திரையைப் பார்த்தாள். கிணற்றுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது.

“இல்லீங்ணா,” என்றாள்.