ஏழாவது குறை

"பெண் கேட்டு வர்றவங்க நாலு பெரியவங்களோட, துணிமணியோட வருவாங்க. நீங்க என்னன்னா ஒத்த ஆளா ஒரு காகிதத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்களே?" என்றார் ஹாஜி சலிபாடா.

மகனுக்காகப் பெண் கேட்டு வந்த கிரிசாந்தோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வழக்கம் இதுதான், ஹாஜி. மலையில எங்க தோழர் யாராவது கல்யாணத்துக்கு அனுமதி கேட்டா, முதல்ல தன் குறையை எல்லாம் எழுதி எல்லார் முன்னாலயும் படிக்கணும். சுயவிமர்சனம்னு சொல்லுவோம். அதுல ஒண்ணை மறைச்சாலும் கல்யாணம் கிடையாது."

"இது மாப்பிள்ளையோட குறையா, அவரைப் பெத்தவரோட குறையா?"

"என்னோடதுதான். அவன்கிட்ட என்ன குறைன்னு எனக்கே தெரியாது. அவன் வளர்ந்த பத்தொன்பது வருஷமும் நான் செங்கொடிப் படையோட காட்டுல கிடந்தேன்."

ஹாஜிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவரும் காட்டில் கிடந்தவர்தான். முப்பது வருடம் மிந்தனாவோ தீவின் சதுப்பு நிலத்தில் மோரோ முஸ்லிம்களின் போராளிப் படைக்குத் தளபதியாக இருந்தவர். இருவரும் சுட்டது ஒரே அரசாங்கத்தை, காரணம்தான் வேறு வேறு.

கிரிசாந்தோவின் கண் காகிதத்தின் கடைசி வரிக்கே போனது. அதில் அவர் எழுதி வைத்திருந்தது அப்படிப்பட்ட சங்கதி. மகன் ஜுன்ரெய் அரசாங்க ராணுவத்தில் சிப்பாய். ஹாஜியின் இரண்டு தம்பிகளைக் கொன்றதும் அந்த ராணுவம்தான் என்று ஊரே சொல்லும். இது தெரிந்தால் இந்த மனிதர் தன் மகள் நோரைதாவைக் கொடுப்பாரா?

'உங்க வழக்கப்படியே கேளுங்கப்பா. எதையும் மறைக்காதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான் ஜுன்ரெய். அவர் மலையிலிருந்து இறங்கி வந்த இந்த மூன்று வருடத்தில் அவன் கேட்ட ஒரே உதவி. இதையும் கெடுத்துவிட்டால் அவன் இனி வீட்டுப் பக்கமே திரும்ப மாட்டான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"ஒண்ணு. எனக்கு முன்கோபம் அதிகம்."

"எனக்கும்தான். அடுத்தது?"

"ரெண்டு. வீட்டுல அரிசி இருக்கா இல்லையான்னு கேட்கிற பழக்கம் இல்ல."

"மெதுவாப் படிங்க. உள்ள என் சம்சாரம் கேட்டா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு நினைப்பா."

"மூணு. நான் சாமி கும்பிடறதில்ல. ஆனா பையன் உங்க மார்க்கத்துக்கு வந்துட்டான். அதுல எனக்கு வருத்தம் இல்ல."

"அது போதும். உங்களையும் சேர்த்து இழுக்கிறதுக்கு எனக்கு ஆயுசு பத்தாது."

நாலும் ஐந்தும் ஆறும் மளமளவென்று ஓடின. ஹாஜி சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து கிரிசாந்தோ காகிதத்தை மடித்தார்.

"என்ன மடிக்கிறீங்க? கீழ ஏழுன்னு ஒரு எண் தெரியுதே."

மாட்டிக்கொண்டாயிற்று. கிரிசாந்தோ காகிதத்தைப் பிரித்தார்.

"ஏழு. என் மகன் ஜுன்ரெய் அரசாங்க ராணுவத்துல சிப்பாய். அவன் அந்த உடுப்போட வீட்டுக்கு வந்தா, நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு கொல்லைப் பக்கம் போயிடறேன். மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அவனை நேரா பார்த்ததில்ல. தப்பு அவன் மேல இல்ல, என் மேல."

ஹாஜியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எந்த ராணுவம்? என் தம்பிங்களைக் கொன்ன ராணுவமா?"

"அதேதான், ஹாஜி. என் தோழருங்களையும்."

ஹாஜி எழுந்து உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்துக் கேட்டது துப்பாக்கியில் தோட்டாக் கூட்டை மாட்டும் சத்தம். அதைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார் கிரிசாந்தோ.

கால்கள் தானாக வாசல் பக்கம் திரும்பின. பத்தொன்பது வருடம் ஓடிப் பழகிய கால்கள். ஆனால் இன்று ஓடினால் மகனுக்கு இந்த வாசல் அடைபட்டே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஹாஜி, பொண்ணைக் கொடுக்கலைன்னாலும் பரவாயில்ல," என்றார் உள்பக்கம் பார்த்து. "என் பையனை மட்டும் வெறுத்துடாதீங்க. அவன் நல்லவன். அது எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது."

திரை விலகியது. தோளில் துப்பாக்கியோடு வந்து நின்றார் ஹாஜி. இப்போது அவர் போட்டிருந்தது பச்சைப் புள்ளி போட்ட படைச் சட்டை, அதன் கையில் வட்டமாக ஒரு துணி வில்லை. கிரிசாந்தோ ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"பையன் சட்டையை ஒரே ஒரு தடவை நேரா பார்த்திருந்தா, இந்த வில்லை என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார் ஹாஜி. "சமாதானம் ஆனதுக்கு அப்புறம் எங்க ஆளுங்களையும் ராணுவத்தையும் கலந்து போட்ட கூட்டுக் காவல் படை. எட்டு மாசமா பாலத்துச் செக்போஸ்ட்ல நானும் ஜுன்ரெயும் ஒரே சட்டியில சாப்பிடறோம். எழுந்திரிங்க சம்பந்தி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. நான் போய் நின்னாத்தான் உங்க மகன் வீட்டுக்குக் கிளம்ப முடியும்."