சிசிலி அக்காவின் கோவம்

“பிறேமா, சிசிலி அக்காவுக்கு நீர் என்ன செய்தனீர்?”

ஞாயிறு மத்தியானம் மெற்றில்டா அக்கா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஏனக்கா?”

“சேர்ச்சில பூசை முடிஞ்சு எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க சத்தம் போட்டுட்டா. ‘சுகம் கேட்கப் போன என்னை அவள் வாசலோட கலைச்சுப்போட்டாள். நீங்கள் காவிக்கொண்டு போற வாழைப்பழமெல்லாம் குப்பைவாளிக்குள்ளதான் போகுது. ரோசமுள்ள ஆக்கள் இனி அந்தப் படி மிதிக்காதேங்கோ’ எண்டு. உண்மையே?”

முழுப்பொய் என்று எப்படிச் சொல்வேன்?

என் கணவர் எமிலுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. டயலிசிஸில்தான் உயிர் ஓடுகிறது. வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் அவருக்கு விஷம். கொண்டுவருபவர்களிடம் அதைச் சொல்லத் தைரியமில்லாமல் வாங்கி வைத்து, பிறகு எறிவேன். இது சிசிலி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

பழமாவது பரவாயில்லை. இந்த மாரிக் குளிரில் டுசல்டோர்ஃப் முழுக்க இன்புளுவென்சாக் காய்ச்சல். எமிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் டயலிசிஸ் செய்த ஜெர்மன்காரர் அதில்தான் போய்ச் சேர்ந்தார்.

“காய்ச்சல் அடங்கும்வரை வீட்டுக்குள் ஆட்களை விடாதீர்கள். இவருக்கு நெஞ்சில் சளி இறங்கினால் காப்பாற்றுவது கஷ்டம்” என்றார் டொக்டர்.

எங்கள் சனம் கேட்குமா? நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் குறை. மூக்கைத் துடைத்துக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். “தடிமன்தானே” என்பார்கள். வந்தவரை வாசலில் மறிக்க, மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு வாய் வராது. அவர்கள் போனபின் ஜன்னலைத் திறந்துவிட்டு, எமிலின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை சிசிலி அக்கா இருமிக்கொண்டு வந்தா. உரிமையுள்ளவ என்று அவவிடம் மட்டும் வாய் திறந்தேன்.

“கோவியாதேங்கோ அக்கா. ஒருத்தரையும் உள்ள விட வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். மற்ற ஆக்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாமக் கிடக்கு...”

“என்னையும் விடமாட்டீரோ? நீர் பிள்ளை பெத்துக் கிடக்கேக்க பத்தியக்கறி காய்ச்சித் தந்தவள் நான்!”

நான் அழுதேன். அவ திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனா.

அதற்குத்தான் இந்தப் பழிவாங்கலா?

அதன்பிறகு எங்கள் வாசல் மணி அடிக்கவேயில்லை. தமிழ்க் கடையில் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் யூலியாவின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது நாங்கள் மூன்று பேர்தான்.

“ஏனப்பா, ஒருத்தரும் வரேல்லை?” என்றார் எமில்.

“எல்லாருக்கும் எங்களோட கோவமாம்.”

அடுத்த நாள் பின்னேரம் மணி அடித்தது. திறந்தேன். வாசலில் மூடி போட்ட ஒரு சட்டி. கீழ்ப்படியில், கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிசிலி அக்கா.

“கிட்ட வராதேயும்! எனக்கு இன்னும் இருமல் விடேல்லை. பொட்டாசியம் போகட்டுமெண்டு கிழங்கை ரெண்டுதரம் அவிச்சுத் தண்ணி வடிச்சனான், எமில் பயப்பிடாமல் தின்னலாம்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“இதையும் குப்பைக்குள்ள போட்டனெண்டு சொல்லவோ? உங்களாலதான் ஒரு சனமும் எங்கட வீட்டுக்கு வாறேல்லை!”

“ஒருத்தருமோ?”

“ஒருத்தருமில்லை!”

“மாதாவே, நன்றி” என்று பெருமூச்சு விட்டா. “சண்டையை எப்ப முடிக்கலாமெண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லும், பிள்ளை.”