லைலாக் புதரின் அடிக்கட்டை

வீட்டுத் தோட்டத்து லைலாக் பூப்புதரை வெட்டிச் சாய்த்த பிறகும் அடிக்கட்டை அசையவில்லை. ஒலெக்சா காலையிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தான்.

நான்கு நாள் குண்டுச் சத்தம் ஓய்ந்து அன்றுதான் நிலவறையை விட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு பனாஸ், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு போடவா? அதுக்கு ஏன்டா இவ்வளவு ஆழம்?"

"வேர் பிடியை விட மாட்டேங்குது மாமா."

பனாஸ் கோடாலியோடு வந்தார். அவர் வேரை வெட்ட, ஒலெக்சா கடப்பாரையால் நெம்ப, சாயங்காலம் கட்டை பெயர்ந்து வந்தது.

பனாஸ் வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார். "இந்தச் செடி மேல உங்கம்மா உசிரையே வெச்சிருந்தாளே. வெட்ட எப்படி விட்டா?"

"அம்மா முந்தாநாள் போயிட்டாங்க மாமா. கல்லறைத் தோட்டத்துக்குப் போற பாதையெல்லாம் கண்ணிவெடி. தன்னை இங்கேயே புதைச்சிடச் சொன்னாங்க."

பனாஸ் கோடாலியைக் கீழே வைத்தார்.

ஒலெக்சாவின் அப்பா தடியூன்றி வெளியே வந்தார். குழியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்திலிருந்த இன்னொரு புதரைக் காட்டினார்.

"பனாஸ் இருக்கும்போதே அதையும் தோண்டி எடுத்துடுப்பா. அப்புறம் நீ ஒத்தையாளாக் கஷ்டப்படணும்."