வேலையை விட்டு அனுப்பும் பயிற்சி

சீட்டுக் குலுக்கியதில் வசிதிக்கு மேலாளர் வேடம் வந்தது. வேலை இழப்பவனாக இசிகேலி.

வகுப்பு அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவன் தீவும் அவள் தீவும் தௌவு முறை. மூதாதை ஒருவர், தெய்வம் ஒன்று. அதனால் பார்த்த இடத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. தலைநகர் சுவாவுக்கு வந்து, ஒரே கப்பல் கம்பெனியில் சேர்ந்து, இப்போது கம்பெனி செலவில் ஒரே எம்.பி.ஏ. வகுப்பில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்திருந்தும் அவர்கள் ஒருநாள்கூட மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை.

வசிதியின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

திங்கட்கிழமை கம்பெனியில் பதினொரு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் போகிறது. மனிதவளப் பிரிவில் இருக்கும் வசிதிதான் பட்டியலைத் தட்டச்சு செய்தாள். நான்காவது பெயர் இசிகேலி. துறைமுகக் கிடங்கு மேற்பார்வையாளர், பதினான்கு வருட சர்வீஸ்.

பட்டியலில் கையெழுத்துப் போட்ட நிதி மேலாளர் கம்லேஷ் நர்சியும் இதே வகுப்பில்தான் படிக்கிறார், முதல் வரிசையில். "ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா பன்னெண்டாவது பேரு உன்னுதுதான்" என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தபடி சொன்னால் செய்துவிடுவார்.

அது போதாதென்று, காலையில் வரும் வழியில் இசிகேலி ஒரு செய்தி சொன்னான். லௌதோகா நகரில் ஒரு சரக்கு நிறுவனம் அவனை வேலைக்குக் கூப்பிடுகிறது. இன்று பகல் பன்னிரண்டுக்குள் ஃபோன் செய்து சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நான் பண்ணப் போறதில்ல. படிக்க வைக்கிற கம்பெனிய விட்டுட்டு ஓடறதுக்கு நான் என்ன உன் ஊர்க்காரனா?"

ஒழுங்காக அந்த வேலைக்குப் போ என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "என்னைத் தொரத்திட்டு என் நாற்காலியில உன் தம்பிய உக்கார வைக்கலாம்னு பாக்கறியா?" என்று கெக்கலித்தான். அவள் எதைச் சொன்னாலும் அவனுக்குக் கேலிதான். குறுஞ்செய்தி அனுப்பினால் அதையும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டுவான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கோர்டன். நிறுவன மேலாண்மை எடுக்கும் பிரிஸ்பேன்காரர்.

வசிதி கையிலிருந்த அட்டையைப் படித்தாள். ஊழியர், வயது நாற்பது, ஆறு வருட சர்வீஸ். கெட்ட செய்தியை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது.

இசிகேலி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பயந்து நடுங்குவதுபோல் நடித்தபடி எதிரே வந்து நின்றான். கடைசி வரிசை விசிலடித்தது.

"உக்காருங்க" என்றாள் வசிதி.

அவன் முழங்கால் நடுக்கம் நின்றது. உட்கார்ந்தான்.

"உங்க வேலைய எடுத்துட்டோம். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. பதினாலு வருஷம் உழைச்சிருக்கீங்க. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

பதினாலு. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் முதல் வரிசைப் பக்கம் பார்த்தாள்.

இசிகேலி அவளையே பார்த்தான். அவனிடம் அவள் இதுவரை வருத்தம் தெரிவித்ததே இல்லை. அவன் தகப்பனார் இறந்தபோதுகூட, சாவு வீட்டு வாசலில் நின்று, "உன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்தே கிழவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தவனைச் சிரிக்க வைத்தவள்.

அவன் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பின.

வகுப்பு கைதட்டியது. "அருமையான நடிப்பு" என்றார் கோர்டன்.

கம்லேஷ் நர்சி மட்டும் தட்டவில்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"அட்டையில ஆறு வருஷம்னுதானே போட்டிருக்கு வசிதி? பதினாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தது ஆறுதான்.

இசிகேலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"எங்கேர்ந்து வரும் சார்? இவ ஊர்க்காரங்களுக்கு என்னிக்குக் கணக்கு வந்துச்சு? கைவிரல் தீர்ந்தா கால்விரல்ல இறங்கிடுவாங்க. ஆறுன்னு ஆரம்பிச்சா பதினாலுல வந்துதான் நிக்கும்!"

வகுப்பு வெடித்தது. கம்லேஷ் நர்சி தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தௌவுக்காரர்கள் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடறேன் சார்" என்றான் இசிகேலி.

"இடைவேளை பன்னிரண்டரைக்கு. அப்ப பேசக் கூடாதா?" என்றார் கோர்டன்.

"இல்ல சார். இப்பவே பேசணும்."

கதவருகே நின்று வசிதியைத் திரும்பிப் பார்த்தான். வாங்கிய திட்டுக்கு அவள் பதில் திட்டு கொடுத்தாக வேண்டும், அதுதான் முறை. வகுப்பே அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

இனி அலுவலகத்தில் தன்னைத் திட்ட ஆள் இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போய்த் தொலைடா!" என்று கத்தினாள்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கம்லேஷ் நர்சி.